எலித் தோலில் கேசரிக் கலர், பஞ்சு மிட்டாயில் துணிச் சாயம்: தெரியுமா உங்களுக்கு?

கல்யாணப் பந்திக் கேசரியைப் பளபளக்க வைக்கிற மஞ்சள் சாயத்தைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, முடி மழித்த எலியின் வயிற்றில் தடவினால் என்ன ஆகும் தெரியுமா? எலி மஞ்சளாகும் என்பீர்கள். அதோடு நிற்காது! சில நிமிஷங்களில் தோல் தெளிந்துபோய், உள்ளே குடல் நெளிவது வெளியிலிருந்தே தெரியும்! விட்டலாச்சார்யா படத்தில் வருகிற காட்சி இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே செய்து பார்த்து, 2024 செப்டம்பரில் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்தச் சாயத்தின் பெயர் டார்ட்ராசின். பிஸ்கட் உறையிலும் ஜூஸ் பாட்டிலிலும் 102 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இதுவேதான்.

எப்படி நடக்கிறது? பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறதே, ஏறக்குறைய அதே சங்கதிதான். தோலில் தண்ணீரும் கொழுப்பும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அதனால் ஒளி சிதறி, தோல் மறைப்பாகத் தெரிகிறது. சாயம் தண்ணீரில் கலந்ததும் இரண்டும் ஒரே அளவில் வளைக்கத் தொடங்க, சிதறல் குறைந்து உள்ளே இருப்பது தெரிகிறது. கழுவிவிட்டால் தோல் பழையபடி ஆகிவிடும். மனிதத் தோல் எலித் தோலைவிட எவ்வளவோ தடிமன். எனவே யாரும் வீட்டில் பரிசோதனையில் இறங்க வேண்டாம். கேசரி சாப்பிட்டால் வயிறு கண்ணாடியாகுமா என்றும் கேட்க வேண்டாம். ஆகாது.

தார்ப் பீப்பாயில் பிறந்த கலர்

இந்தச் சாயங்களுக்கெல்லாம் பூர்வீகம் எது தெரியுமா? நிலக்கரித் தார்! 1856-ல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குயினைன் மருந்தைத் தாரிலிருந்து எடுக்கும் பொருள்களால் செய்துவிடலாம் என்று வீட்டிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடம் வைத்து முட்டி மோதிக்கொண்டிருந்தான். கிடைத்ததோ கறுப்பாக ஒரு கசடு. அதைச் சாராயத்தில் கரைத்தபோது கண்ணைப் பறிக்கும் ஊதா எழுந்தது. மலேரியா ஒழியவில்லை, பையன் பணக்காரன் ஆனான். முதலில் பட்டுத் துணிக்குப் போன தார்ச் சாயங்கள், மெல்ல மிட்டாய்க்கும் வெண்ணெய்க்கும் தாவின. நம் டார்ட்ராசின் 1884-ல் ஒரு சுவிஸ் வேதியியலாளர் கையில் பிறந்தது. இன்று தாருக்குப் பதில் பெரும்பாலும் பெட்ரோலியம்.

இதற்காக 'பெட்ரோலைத் தின்கிறோம்' என்று அலற வேண்டியதில்லை. பாராசிட்டமால்கூட அந்த வழியில் வருவதுதான். ஆனால் பாராசிட்டமாலுக்கு ஒரு வேலை இருக்கிறது, காய்ச்சலை இறக்கும். மஞ்சள் சாயத்துக்குச் சாப்பாட்டில் என்ன வேலை? சத்து கிடையாது. ருசி கிடையாது. மணம் கிடையாது. கெடாமல் காக்கிற குணமும் கிடையாது. கண்ணை மயக்குவது ஒன்றுதான் அதன் உத்தியோகம். வேலையே இல்லாத ஒருவருக்கு வீட்டில் எதற்கு இடம் என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு கூத்தும் கேளுங்கள். அமெரிக்காவில் 1907-ல், கடையில் புழங்கிய சுமார் 80 சாயங்களைச் சலித்து, 'இவை பரவாயில்லை' என்று 7-ஐ மட்டும் அனுமதித்தார்கள். அந்த ஏழில் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியாக நின்றவை இரண்டு. அதில் ஒன்றான எரித்ரோசின் என்ற சிவப்பு, ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டிகளை உண்டாக்கியது தெரிந்ததும் 1990-ல் அழகுசாதனங்களில் தடையானது. மிட்டாயிலோ 2025 ஜனவரி வரை அனுமதி தொடர்ந்தது! உதட்டில் பூசக் கூடாது, நாக்கில் வைக்கலாம்! 35 வருஷம் இந்தச் சட்டத்தோடு ஒரு தேசம் குடும்பம் நடத்தியிருக்கிறது. ரத்தான பிறகும் உணவுக் கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். ஆக, அந்த ஏழு பேரில் மிச்சம் ஒரே ஒரு நீலம்.

பாலாடைக் கட்டியில் ஈயம் வந்த கதை

செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று யாராவது பெருமூச்சு விட்டால், அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1820-ல் ஃபிரெடெரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர், லண்டன் உணவுக் கலப்படங்களை அம்பலப்படுத்தி ஒரு புத்தகம் போட்டார். அதில் வருகிறது: ஒருவர் கிளாஸ்டர் சீஸ் சாப்பிடும்போதெல்லாம் வயிற்று வலியில் துடிக்கிறார். சோதித்துப் பார்த்தால் சீஸில் ஈயம்! செய்தவரைப் பிடித்தார்கள். அவர் சத்தியம் செய்யாத குறை: 'நான் வழக்கமான அனாட்டோ விதைச் சாயம்தான் போட்டேன்.' சாயக்காரரைப் பிடித்தார்கள். அவர் சொன்னார்: 'அனாட்டோ கொஞ்சம் வெளிறியிருந்தது, அதனால் சாதிலிங்கம் சேர்த்தேன்.' சாதிலிங்கம் விற்ற மருந்துக்கடைக்காரரைப் பிடித்தார்கள். அவரோ, வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டுக்குத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்து, அதில் செந்தூரம் என்கிற ஈயச் சிவப்பைக் கலந்து விற்றிருக்கிறார்! மூன்று பேரில் யாருக்கும் கொலை நோக்கம் இல்லை. வெளிறிய நிறத்தைச் சரிசெய்யப் போய் விஷம் சீஸுக்குள் உட்கார்ந்துவிட்டது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இதே கதை பங்களாதேஷில் நடந்தது தெரியுமா? 1980-களில் வெள்ளத்தில் நனைந்த மஞ்சள் கிழங்கு நிறம் மங்கிப்போக, வியாபாரிகள் லெட் குரோமேட் என்ற பெயிண்ட் பொடியைப் பூசி மெருகேற்றினார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம்! ஈயம் கொதித்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பதம் பார்க்கும். ஆய்வாளர்கள் ஆதாரத்தோடு அரசிடம் போனார்கள். பத்திரிகையில் எச்சரிக்கை, டாக்காவின் மொத்த விற்பனைச் சந்தையில் சோதனை, கையும் களவுமாகப் பிடித்தவர்களுக்கு அபராதம். 2021-ல் மறுபடி சோதித்தால், 47 சதவீதம் பூஜ்யமாகியிருந்தது! கலப்படத்தை ஒழிக்கவே முடியாது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நாக்கை ஏமாற்றும் கண்

வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து, பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு. பாடமே ஒயின்தான் அவர்களுக்கு! ஆனாலும் மணத்தை வர்ணிக்கச் சொன்னபோது, சிவப்பு ஒயினுக்குச் சொல்லுகிற வார்த்தைகளைத்தான் வரிசையாக எழுதினார்கள். மூக்கின் நுனியில் இருந்தது வெள்ளை ஒயின். தீர்ப்பு சொன்னது கண்!

இதைத் தெரிந்துவைத்திருக்கிற கம்பெனிகளின் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்கக் குழந்தைகளின் உயிர்நாடியான கிராஃப்ட் மாக்கரோனி சீஸ், பளீர் ஆரஞ்சு நிறத்துக்குப் பேர்போனது. செயற்கைச் சாயத்தை எடுக்கப் போகிறோம் என்று 2015-ல் அறிவித்ததும் வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள், ருசி போய்விடுமே என்று. கம்பெனி மறுபேச்சு பேசவில்லை. 2015 டிசம்பரில் மஞ்சள், மிளகாய் வகைப் பாப்ரிகா, அனாட்டோ மூன்றையும் போட்டுச் சத்தமில்லாமல் கடைக்கு அனுப்பிவிட்டது. 5 கோடிப் பெட்டிகள் விற்றுத் தீர்ந்த பிறகுதான் விஷயத்தை வெளியே விட்டது. அதுவரை கிட்டத்தட்ட யாருமே கண்டுபிடிக்கவில்லை!

2016-ல் டிரிக்ஸ் என்ற காலை உணவுக்காரர்களும் இயற்கை நிறத்துக்கு மாறினார்கள். அவர்களுக்கு நீலமும் பச்சையும் சரியாக வரவில்லை. கிண்ணம் மங்கலாகத் தெரிந்தது. 'எங்கள் பழைய கலர் எங்கே?' என்று ஒரே கூச்சல். 2017-ல் பழைய சாயத்தோடு பழைய டிரிக்ஸ் திரும்பி வந்துவிட்டது. அது நடந்து எட்டு வருஷத்தில், 2025-ல், சாயத்தையெல்லாம் எடுக்கிறோம் என்று அதே கம்பெனி இரண்டாம் தடவையாக உறுதி கொடுத்திருக்கிறது. பார்க்கலாம்.

முட்டை மஞ்சள் கரு ஆழ்ந்த ஆரஞ்சாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று பூரிக்கிறோமே, கோழித் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறும் பாப்ரிகாவும் கலந்தால் பண்ணைக் கோழியும் அதே நிறத்தில் முட்டையிடும். வேண்டிய நிறத்தைத் தேர்ந்தெடுக்க விசிறி மாதிரி விரிகிற அளவு அட்டைகூட விற்கிறது! வெண்ணெய்க்கு மாற்றாக வந்த மார்கரின், வெண்ணெயைப் போலவே மஞ்சளாகத் தெரிந்து தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று பால்பண்ணைக்காரர்கள் கொதிக்க, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1891-ல் ஒரு சட்டமே போட்டது: மார்கரின் விற்றால் இளஞ்சிவப்புச் சாயம் பூசித்தான் விற்க வேண்டும்! யார் வாங்குவார்கள்? 1898-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

பஞ்சு மிட்டாயும் எட்டுப் பேர் பட்டியலும்

நம் ஊருக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததே, ஏன் தெரியுமா? ஆய்வகத்தில் அதற்குள் அகப்பட்டது ரோடமின் பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க ஆற்றில் கரைத்துவிடுவார்கள். புற ஊதா வெளிச்சத்தில் ஆரஞ்சாக ஒளிரும்! துளி போட்டாலே குடம் குடமாக நிறம் ஏறும், விலையும் மலிவு. மெரினாவில் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிற ரோஸ் நிறப் பொட்டலத்துக்குள் அதுதான் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடகம் பஞ்சு மிட்டாயோடு கோபி மஞ்சூரியனையும் பிடித்தது. ஜூனில் கபாபுக்கும் செயற்கை நிறம் கூடாது என்று ஆணை போட்டது. இத்தனைக்கும் பஞ்சு மிட்டாய் என்பது உருக்கிச் சுற்றிய சர்க்கரை. சாயமில்லாமல் சுற்றினால் வெள்ளை வெளேரென்று வரும், ருசியில் இம்மி குறையாது.

ரோடமின் பி, மெட்டானில் மஞ்சள், சூடான் சிவப்பு, மாலகைட் பச்சை இவையெல்லாம் எந்த உணவிலும் எந்த அளவிலும் கூடாத சாயங்கள். இந்தியச் சட்டம் அனுமதிக்கிற செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டு: டார்ட்ராசின், சன்செட் மஞ்சள், கார்மாய்சின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் நீலம், ஃபாஸ்ட் பச்சை. எதில் வேண்டுமானாலும் போடலாமா? அங்கேதான் பலர் அசந்துபோவார்கள்! இனிப்பு, ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக், குளிர்பானம், கஸ்டர்டு பவுடர் என்று எண்ணி வைத்த சில வகைகளுக்குத்தான் அனுமதி. சிக்கன் 65-க்குக் கிடையாது. பஜ்ஜி மாவுக்குக் கிடையாது. மிளகாய்த் தூளுக்கும் பருப்புக்கும் டீத்தூளுக்கும் கிடையாது. தள்ளுவண்டியில் தகதகக்கிற அந்தச் சிவப்புக் கோழி, அனுமதித்த சாயத்தையே போட்டிருந்தாலும் சட்டப்படி தப்புதான்.

அளவு எவ்வளவு தெரியுமா? அனுமதி உள்ள பெரும்பாலான உணவுகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு! அதாவது ஒரு கிராம் சுத்தச் சாயம் 10 கிலோ இனிப்புக்குக் காண வேண்டும். பெரிய கம்பெனியில் தராசு இருக்கிறது. வாணலி முன்னால் வேர்த்து வழிகிற மாஸ்டரிடம் என்ன இருக்கிறது? விரலும் கண்ணும்தான். பூந்தி எண்ணெயில் பொரிந்து நிறம் கொஞ்சம் மட்டுப்பட்டால் இன்னொரு சிட்டிகை போவது சகஜம்.

அதனால் என் கணக்கில், உறையில் எண் அச்சிட்டு விற்கிற பிஸ்கட்டைவிட, உறையே இல்லாமல் விற்கிற பொருளைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் கஸ்டர்டு பவுடரைத் தூக்கி எறிந்துவிட்டு, சாயங்காலம் தெருமுனையில் சிவப்புக் காலிஃப்ளவர் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் துள்ளுவது இதனாலா?

சான் பிரான்சிஸ்கோவின் அலர்ஜி மருத்துவர் பெஞ்சமின் ஃபைன்கோல்டு 1970-களில் இந்தத் தீயைப் பற்ற வைத்தார்: செயற்கைச் சாயமும் வாசனையும் குழந்தைகளை நிலைகொள்ளாமல் ஆட்டுகின்றன என்றார். பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8-9 வயதுப் பிள்ளைகள் 144 பேர் என்று பிரித்துச் சோதித்தது. சாயக் கலவை சேர்த்த ஜூஸ், சேர்க்காத ஜூஸ். எது எந்தக் கோப்பையில் என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. சாயம் குடித்த நாள்களில் துறுதுறுப்பு சற்றுக் கூடியது. சற்றுத்தான், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியும் இல்லை. சாயத்தோடு சோடியம் பென்சோயேட்டும் சேர்த்தே கொடுத்ததால், பழி எதன் மேல் என்று பிரிக்கவும் முடியவில்லை.

ஆனாலும் ஐரோப்பா காத்திருக்கவில்லை. அந்த ஆய்வில் வந்த ஆறு சாயங்களில் எது இருந்தாலும், 'குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்' என்று உறையில் அச்சிட வேண்டும் என 2010 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கியது. அப்படி ஒரு வாசகத்தைப் பார்த்த பிறகு எந்தத் தாய் வாங்குவாள்? கம்பெனிகள் வாசகத்தை அச்சிடுவதற்குப் பதில் சாயத்தையே மாற்றின. ஒரே பெயருள்ள ஆரஞ்சுக் குளிர்பானம் பிரிட்டனில் கேரட், பூசணிச் சாற்று நிறத்தோடும் அமெரிக்காவில் பெட்ரோலியச் சாயத்தோடும் விற்றது! அங்கே முடிந்தது என்றால் மற்ற ஊரிலும் முடியும்தானே?

இன்னொன்று: காய்ச்சலுக்குக் கொடுக்கிற ரோஸ் நிறச் சிரப்பின் லேபிளில் 'கலர்' என்று ஒரு வரி இருக்கும், படித்திருக்கிறீர்களா? அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்!

ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் மிளகாய்த் தூளை லேசாகத் தூவுங்கள். தண்ணீரில் கரையும் சாயம் இருந்தால் சிவப்புக் கோடு கோடாகக் கீழே இறங்கும். சூடான் வகைச் சாயங்கள் எண்ணெயில்தான் கரையும், இதில் அகப்படாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். அந்தச் சூடான் சாயம் மிளகாய்த் தூள் வழியாக ஒரு சாஸுக்குள் நுழைந்துதான் 2005-ல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடை அலமாரியிலிருந்து இறக்க வைத்தது! மஞ்சள் தூளைத் தண்ணீரில் போட்டால், நல்ல தூள் வெளிர் மஞ்சளைவிட்டு அடியில் படியும். தண்ணீர் முழுக்க அடர் மஞ்சளாக நின்றால் சந்தேகப்படுங்கள். டீத்தூளை வடிதாளில் பரப்பித் தண்ணீர் தெளித்துக் கழுவினால், சாயம் ஏற்றிய தூள் உடனே கறையைக் காட்டிக்கொடுக்கும். காய்ந்த பச்சைப் பட்டாணியைத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையானால் கொட்டிவிடுங்கள். உலர்ந்த பட்டாணிக்கு இயல்பே மங்கிய பச்சைதான். கேழ்வரகையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு ரோஸ் ஆகக் கூடாது.

தர்பூசணியை மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல பழத்தின் சாறே காகிதத்தில் இளஞ்சிவப்பாக ஒட்டும். அதைக் கலப்படம் என்று நம்பி 2025 கோடையில் வாங்காமல் விட்டதில் தமிழ்நாட்டு விவசாயிகள் தோட்டத்திலேயே பழத்தை அழுகவிட்டார்கள். ஊசியில் ஏற்றிய சாயம் பழம் முழுக்கச் சீராகப் பரவாது என்பதை ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே போதும்.

சைதாப்பேட்டையில் வளர்த்த சிவப்பு

'செயற்கை நிறம் இல்லை' என்று எழுதியிருந்தால் சைவமா? கட்டாயமில்லை! கார்மைன் என்ற 120-ம் எண் சிவப்பு, சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழ்கிற காக்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுப்பது. காய்ந்த பூச்சி ஒரு கிலோ சேர ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூக்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை. ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெரி பானத்தில் இதைப் போட்டது வெளியே தெரிந்து சைவக்காரர்கள் கொதித்ததும், 2012-ல் தக்காளிச் சிவப்புக்கு மாறியது.

இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் என்ன உறவு தெரியுமா? ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவிலிருந்து இந்தச் சிவப்பைக் கொண்டுபோய் ஐரோப்பா முழுக்க விற்றுக் கொழுத்தார்கள். நாமும் கொழுக்கலாமே என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. மதராஸில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், 18-ம் நூற்றாண்டின் கடைசியில், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்! 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சியும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. ஆனால் வந்தது அசல் இல்லை, மட்டமான உறவுக்கார இனம். சிவப்பு சரியாகக் கிடைக்கவில்லை. கள்ளியைத் தின்று தீர்ப்பதில் மட்டும் அது மகா கெட்டிக்காரன்! கடைசியில் கள்ளியை ஒழிக்கவே அதைத் தென்னிந்தியாவிலும் பிறகு இலங்கையிலும் பரப்பினார்கள். பூச்சியைக் கொண்டு களையை அழித்த உலகத்தின் முதல் வெற்றிகளில் ஒன்று என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. சாயம் தயாரிக்கப் போய்க் களைக்கொல்லி கிடைத்தது.

அடுக்களைக்குள் இருக்கிற வித்தைகள்

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாகிறதே, அது அசல் வேதியியல். காரம் பட்டால் மஞ்சளின் குர்க்குமின் சிவக்கும். குழம்பு சிந்திய வேட்டியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பதும் இதனால்தான். சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா! மலேசியாவின் கிளந்தானில் இந்த நீலத்தில்தான் சோறே வடிக்கிறார்கள். பீட்ரூட் சிவப்புக்கு நீண்ட கொதி ஆகாது, பழுப்பேறும்; அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் ரோஸ் மில்க் கடைக்குச் சவால் விடும். சிலருக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பதறி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

சிக்கன் 65 சிவக்க வேண்டுமா? காரம் குறைந்து நிறம் மிகுந்த பேடகி மிளகாயோ காஷ்மீர் மிளகாயோ போதும். அதன் சிவப்பு எண்ணெயில் கரைவது. எனவே மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்து, இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான எண்ணெயில் குழைத்து, அந்த எண்ணெயோடு கறியில் பிசறி வையுங்கள். தண்ணீரில் கலக்கிய தூளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் துண்டு பொரியும்போதே தெரியும். தள்ளுவண்டிச் சிவப்பு வராது. செங்கல் நிறம் வரும். கோழி அந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும்.

கேசரிக்கு மஞ்சள் தூள் போடலாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கேசரியில் மஞ்சள் வாசம் அடிக்கும். குங்குமப்பூ இருந்தால் சூடான பாலில் ஊறவைத்து ஊற்றுங்கள். இல்லையென்றால் நெய்யில் நன்றாக வறுத்த வெள்ளைக் கேசரியே மேல். திருநெல்வேலி அல்வாவின் அந்தச் செம்பழுப்பைப் பாருங்கள்: கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் மணிக்கணக்கில் கிளறக் கிளறச் சர்க்கரை கருகாமல் சிவந்து வருகிற நிறம் அது. புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவிலும் சாயத்துக்கு வேலையே இல்லை. கமர்கட், எள்ளுருண்டை, பொரி உருண்டை என்று பெட்டிக்கடை பாட்டிலில் பாதி அப்படித்தான். வெல்லம் வாங்கும்போது மட்டும் பளிச்சென்ற மஞ்சளுக்கு மயங்காதீர்கள். வெளுப்பதற்கு ரசாயனம் போட்டிருப்பார்கள். கறுத்த வெல்லமே நல்ல வெல்லம்.

கடையில் உறையைத் திருப்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகும். 102, 110, 122, 124, 127, 132, 133, 143. இந்த எட்டு எண்களைச் செல்போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒன்று இருந்தால், குழந்தை தினமும் தின்கிற பொருளாக அது இருக்க வேண்டாம். பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு என்றால் சண்டை போட வேண்டாம். 14 இலக்க உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத கலர் வத்தல் பொட்டலம், பெயர் தெரியாத சிவப்பு ஐஸ், 'கேசரி கலர்' என்று மட்டும் எழுதிய காகித மடிப்பு, இவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

தீபாவளிக்கு ஸ்வீட் மாஸ்டரிடம் ஆர்டர் கொடுக்கும்போது கிலோவும் விலையும் பேசி முடித்த கையோடு 'கலர் போடாதீங்க அண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலான மாஸ்டர்கள் போடாமல் செய்து தருவார்கள். அவர்களுக்கும் ஒரு செலவு மிச்சம்.